காப்பாற்றிய பிள்ளை பிறகு என்ன ஆனாள்?



பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆங்கிலத் திகில் படம் பார்க்கும்போது, "உதென்ன சத்தம், நிற்பாட்டு" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காத தாய்மார் எம்மிடையே குறைவு. வேற்றுக்கிரகப் பிராணியும் இரத்தமும் அலறலுமாக ஓடும் அந்தப் படங்களில் எமக்கு என்ன இருக்கின்றது என்று கேட்பது நியாயமே. போதுமான பயத்தை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். காசு கொடுத்து இன்னொரு பயத்தை வாங்க வேண்டிய தேவை எமக்கு இல்லை.

ஆனாலும் இம்மாதம் அப்படியான ஒரு படத்தொடரைப் பற்றியே எழுதுகிறேன். 'ஏலியன்' என்ற அந்த விஞ்ஞானப் புனைகதைத் தொடருக்கு அடுத்த பாகம் ஒன்று வரவிருக்கின்றது என்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அதன் ரசிகர்கள் எதிர்பார்ப்போடும் ஐயத்தோடும் பேசி வருகின்றார்கள். அவர்களுடைய பேச்சை நான் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதைகளின் நடுவில் நிற்பவள், மற்ற எல்லோரும் அழிந்தபின் உயிரோடு மிஞ்சிய ஒரு பெண். அவளை அடுத்த கதையில் என்ன செய்யப் போகின்றார்கள் என்பதுதான் ரசிகர்களின் பெரிய கவலை. தப்பிப் பிழைத்த பெண்ணுக்கு அதன்பின் என்ன நடக்கின்றது என்பது எமக்கும் உரிய கேள்வி.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ரிப்ளி என்ற பெண்

முதற் படம் 1979இல் ரிட்லி ஸ்கொட்டின் நெறியாள்கையில் வெளிவந்தது. விண்வெளியில் சரக்கு இழுத்துச் செல்லும் கப்பல் ஒன்றில் ஏழு பேர் வேலை செய்கின்றார்கள். வீடு திரும்பும் வழியில், கொம்பனியின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, முன்பின் அறியாத ஓரிடத்தில் இறங்குகின்றார்கள். அங்கிருந்து ஒரு கொடிய பிராணி கப்பலுக்குள் வந்து விடுகின்றது. அந்தப் பிராணியைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், ஊழியர்கள் இறந்தாலும் பரவாயில்லை என்று கொம்பனி இரகசியக் கட்டளை கொடுத்திருந்தது பிறகுதான் தெரிய வருகின்றது. கடைசியில் ரிப்ளி என்ற பெண் அதிகாரியும் ஒரு பூனையும் மாத்திரம் தப்புகின்றார்கள்.

ரிப்ளியாக நடித்தவர் சிகோர்னி வீவர். கதையை முதலில் எழுதியவர்கள், பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்ற குறிப்போடுதான் எழுதியிருந்தார்கள். அதனாலோ என்னவோ, ரிப்ளி அழகுக்காக வைக்கப்பட்ட பெண்ணாக இல்லை. வேலை தெரிந்தவள், பாதுகாப்பு விதியை மீறக்கூடாது என்று சொல்பவள், அப்படிச் சொன்னதற்காக மற்றவர்களிடம் ஏச்சு வாங்குபவள்.

இரண்டாவது படமான 'ஏலியன்ஸ்' 1986இல் வந்தது. நெறியாளர் ஜேம்ஸ் கமரூன். உறக்கப் பெட்டியில் 57 வருடங்கள் விண்வெளியில் மிதந்த ரிப்ளியைக் கண்டெடுக்கின்றார்கள். மகளின் 11ஆவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவள் அவள். அந்த மகள் முதுமையடைந்து 66 வயதில் இறந்துவிட்டாள் என்ற செய்திதான் அவளுக்குக் கிடைக்கின்றது. திரையரங்குகளுக்கு வந்த படத்தில் இந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். பின்னர் வெளியான நீண்ட பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. அந்தக் காட்சியில் ரிப்ளி கையில் வைத்துப் பார்க்கும் முதிய மகளின் படம், உண்மையில் வீவருடைய தாயாரின் படம்.

பிறகு விசாரணை நடக்கின்றது. நடந்ததை ரிப்ளி திரும்பத் திரும்பச் சொல்கின்றாள். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் நம்பவில்லை. அழிந்த கப்பலின் பெறுமதி 4 கோடியே 20 இலட்சம் டொலர் என்று கணக்குச் சொல்கின்றார்கள். முடிவில் அவளுடைய தொழில் அனுமதிப் பத்திரத்தை நிறுத்தி, அவளுடைய மனநிலையைக் கண்காணிக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றார்கள். ஆணைக்குழுக்களின் முன்னால் நின்று சாட்சி சொன்ன சகோதரிகளுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

அவள் பிராணியைக் கண்ட அதே கிரகத்தில் இப்போது அறுபது எழுபது குடும்பங்கள் குடியேற்றப்பட்டிருக்கின்றன. அவர்களுடன் தொடர்பு அறுந்தபோது கொம்பனிக்கு ரிப்ளி தேவைப்படுகின்றாள். இராணுவத்தோடு அங்கே போகின்றாள். குடியேறியவர்களில் நியூட் என்ற ஒரு சின்னப் பிள்ளை மாத்திரம் காற்றுக் குழாய்களுக்குள் ஒளிந்திருந்து உயிர் பிழைத்திருக்கின்றாள். அவளுடைய கையில் ஒரு பொம்மையின் தலை. பேச்சு வரவில்லை. ரிப்ளி அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டு மெல்ல மெல்லப் பேச வைக்கின்றாள். கடைசியில் அந்தப் பிள்ளையைப் பிராணி தூக்கிப் போனபோது, வெடித்துச் சிதறப்போகும் இடத்துக்குள் தனியாகத் திரும்பிப் போய் மீட்டு வருகின்றாள். பிள்ளை அவளை "அம்மா" என்று கட்டிக்கொள்கின்றாள். மகளை இழந்த தாயும் தாயை இழந்த மகளுமாக இருவரும் நித்திரைக்குப் போவதோடு படம் முடிகின்றது.

"அப்ப ஏன் போய்த் தூக்கினவ?"

இந்தக் கதையை ஒருமுறை எங்கள் பெண்கள் குழுவில், தையல் வேலைக்கு இடையே சொன்னேன். பயங்கரக் காட்சிகளை விட்டுவிட்டுத் தாயினதும் பிள்ளையினதும் கதையைத்தான் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிறகு ஒரு அம்மா கேட்டார்: "பிள்ளை, அந்தச் சின்னவள் பிறகு என்ன ஆனவள்?"

மூன்றாவது படத்தின் தொடக்கத்தைச் சொன்னேன். அது 1992இல் வந்தது. டேவிட் பிஞ்சரின் முதல் முழுநீளப் படம். அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த கலம் ஒரு சிறைக் கிரகத்தில் விழுந்து நொறுங்குகின்றது. நியூட் தன் உறக்கப் பெட்டிக்குள்ளேயே நீரில் மூழ்கி இறந்து கிடக்கின்றாள். அவர்களோடு தப்பிய ஹிக்ஸ் என்ற இராணுவ வீரனும் இறந்துவிட்டான். ரிப்ளி மட்டும் மறுபடி மிஞ்சுகின்றாள். இவ்வளவும் படம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

அந்த அம்மா ஊசியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப ஏன் அவ போய் அந்தப் பிள்ளையைத் தூக்கினவ?"

உலகமெங்கும் ஏலியன் ரசிகர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்டு வரும் கேள்வியும் இதுவேதான். ஜேம்ஸ் கமரூன்கூட அந்த முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார். படத்தின் பின்னணியும் ஒழுங்கானதல்ல. கதைகள் மாறி மாறி எழுதப்பட்டன. கதை முழுமையாக எழுதி முடியுமுன்பே செற் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. பிஞ்சர் பின்னாளில் அந்தப் படத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள விரும்பவில்லை. எடுக்கப்படாமல் போன கதைகளில் ஒன்று எழுத்தாளர் வில்லியம் கிப்சன் எழுதியது. அதில் ஹிக்ஸ் உயிரோடு இருந்தான். அந்தக் கதை 2019இல் ஒலி நாடகமாக வந்தபோது, ரசிகர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்.

அழித்து எழுதலாமா?

2015இல் நீல் புளொம்காம்ப் என்ற நெறியாளர், தான் எடுக்க நினைத்த ஏலியன் படத்துக்கான ஓவியங்களை வெளியிட்டார். வயது முதிர்ந்த ரிப்ளியும் முகத்தில் தழும்போடு ஹிக்ஸும் அவற்றில் இருந்தார்கள். இரண்டாவது படத்திலிருந்து நேராகத் தொடரும் கதை என்பது தெரிந்ததும் ரசிகர்களுக்குப் பெரிய ஆனந்தம். மூன்றாவது படம் நடக்காதது போல் ஆகிவிடும், இறந்தவர்கள் இறக்காதவர்களாகி விடுவார்கள். வீவரும் ஆர்வம் காட்டினார். ஆனால் ரிட்லி ஸ்கொட்டின் 'ஏலியன்: கவனன்ட்' முன்னுக்கு வந்தது. 2017இல் புளொம்காம்பின் படம் கைவிடப்பட்டது தெளிவாயிற்று.

அப்போது ரசிகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். அந்தப் பிள்ளையைத் திருப்பித் தாருங்கள் என்றது ஒரு பக்கம். மரணம் நியாயம் பார்த்து வருவதில்லை, மூன்றாவது படம் அந்தக் கசப்பான உண்மையைச் சொன்னது, அதை அழிக்காதீர்கள் என்றது மறுபக்கம்.

இரண்டாவது பக்கத்தின் பேச்சில் எனக்கு உடன்பாடு கூட. மூன்றாவது படத்தில் ரிப்ளி பிள்ளையின் உடலைப் பார்க்க வேண்டும் என்று நிற்கின்றாள். பிரேத பரிசோதனை செய்ய வைக்கின்றாள். கைதிகள் கூடி நிற்க, நல்ல வார்த்தை சொல்லி, இருவரது உடல்களையும் தீயில் இடுகின்றார்கள். அவளுடைய கண்ணீரைப் படம் அவசரப்படாமல் காட்டுகின்றது. உடலும் இல்லை, சடங்கும் இல்லை, நடந்தது என்ன என்ற பதிலும் இல்லை என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் குடும்பங்களோடு வேலை செய்பவள் நான். அவர்கள் எவரும் கதையை அழித்து எழுதித் தரும்படி கேட்டதில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கின்றார்கள். ஆகவே இறந்த பிள்ளையைப் பேனாவால் உயிர்ப்பித்துத் தர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

ஆனால் முதற் பக்கத்தின் கோபத்தையும் புறந்தள்ள முடியாது. அந்தப் பிள்ளை எதற்காகக் கொல்லப்பட்டாள்? கதை சொல்பவர்களுக்கு அவள் தேவைப்படவில்லை என்பதற்காக. அவளைக் காப்பாற்றிய படம் முடிந்தது, அவளுடைய பயனும் முடிந்தது. பெண்ணின் துன்பம் கதைக்கு வேண்டும், அவளுடைய மீட்சி வேண்டாம் என்ற மனப்பான்மை இது. சினிமாவில் மட்டும் உள்ள மனப்பான்மையும் அல்ல. எமது துயரக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? வீடு கட்டினோம், தொழில் தொடங்கினோம், பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணினாள் என்ற கதையைக் கேட்கத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்?

இனி வரப்போகும் கதை

இதே விடயம் இன்னொருமுறையும் நடந்தது. 2012இல் வந்த 'புரொமிதியஸ்' படத்தில் எலிசபெத் ஷோ என்ற பெண் விஞ்ஞானி எல்லாவற்றையும் தாண்டித் தப்புகின்றாள். அவளுடைய பயணத்தின் தொடர்ச்சியைக் காண ரசிகர்கள் ஐந்து வருடம் காத்திருந்தார்கள். 2017இல் 'கவனன்ட்' வந்தபோது அவள் ஏற்கனவே கொல்லப்பட்டிருந்தாள். எப்படித் தப்பினாலும் இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட இருட்டில் அவளை முடித்துவிடுவார்கள் என்ற பயம் அதன்பின் ரசிகர்களிடம் வேரூன்றிவிட்டது.

2024 ஓகஸ்டில் 'ஏலியன்: ரொமுலஸ்' வந்தது. நெறியாளர் உருகுவே நாட்டைச் சேர்ந்த பெடே அல்வாரஸ். இந்தப் படத்தின் நாயகி ரெயின் ஓர் அநாதை. வெயிலே படாத சுரங்கக் குடியிருப்பில் கொம்பனிக்கு உழைப்பவள். பெற்றோர் இருவரும் சுரங்கத்தால் வந்த நோயில் இறந்தவர்கள். ஒப்பந்த மணித்தியாலங்களை முடித்துவிட்டு விடுதலைப் பத்திரம் கேட்கப் போகின்றாள். கணக்குக் கூட்டப்பட்டுவிட்டது, இன்னும் ஐந்தாறு வருடம் வேலை செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் சாதாரணமாகச் சொல்லி அனுப்புகின்றார்கள். வெளிநாட்டு வீடுகளில் பணிபுரிந்து, ஒப்பந்தம் முடிந்தும் கடவுச்சீட்டுக் கைக்கு வராமல் தவித்த சகோதரிகளை எனக்குத் தெரியும். ரெயின் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது அவர்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். அவளுக்குத் துணை, தகப்பன் திருத்திக் கொடுத்த அண்டி என்ற இயந்திர மனிதன். அவனைத் தம்பி போல் பார்க்கின்றாள். படத்தின் முடிவில் இருவரும் தப்பி, வெயில் உள்ள ஒரு கிரகத்தை நோக்கி உறங்கியபடி பயணப்படுகின்றார்கள். போய்ச் சேர்வார்களா என்பது தெரியாது.

முதலில் இணைய ஒளிபரப்புக்கென்றே திட்டமிடப்பட்டு, பின்னர் திரையரங்குக்கு மாற்றப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 35 கோடி டொலர் வசூலித்தது. அடுத்த பாகம் எடுக்க நினைப்பதாகத் தயாரிப்பு நிறுவனம் 2024 ஒக்ரோபரிலேயே தெரிவித்தது. அல்வாரஸ் கதையில் பங்கெடுத்தாலும் நெறியாள்கையை வேறொருவரிடம் கொடுக்கப்போவதாக 2025இல் சொன்னார்.

ரசிகர்களின் நம்பிக்கைகள் எளிமையானவை. ரெயினும் அண்டியும் உயிரோடு இருக்க வேண்டும். அவள் ஒரு தடவையாவது வெயிலில் நிற்க வேண்டும். ரொமுலசில் கொம்பியூட்டரை மட்டும் நம்பாமல் கையால் செய்த பொம்மைகளைக் கொண்டு பிராணிகளை இயக்கியது போல, அடுத்ததிலும் கைவேலைக்கு இடமிருக்க வேண்டும்.

ஐயங்கள் அதிகம். நியூட்டுக்கும் ஷோவுக்கும் நடந்தது ரெயினுக்கும் நடந்துவிடுமோ என்பது முதலாவது. பழைய படங்களின் வசனங்களையும் காட்சிகளையும் திரும்பச் சமைத்துப் பரிமாறுவார்களோ என்பது இரண்டாவது. முதற் படத்தில் நடித்த இயன் ஹோம் 2020இல் காலமானார். ரொமுலசில் அவருடைய முகத்தைத் தொழில்நுட்பத்தால் மீண்டும் உருவாக்கினார்கள். குடும்பத்தினரின் சம்மதம் பெறப்பட்டிருந்தது. ஆனாலும் இறந்தவரின் முகத்தை இப்படிப் பாவிக்கலாமா என்று பலருக்கு மனம் ஒப்பவில்லை. வசூல் வந்தால் கதை முடிய விடமாட்டார்கள் என்பது மூன்றாவது. மனிதரைவிட இலாபம் பெரிதென்று நினைக்கும் கொம்பனியைப் பற்றிய கதையை, இலாபத்துக்காக நீட்டிக்கொண்டே போவார்களோ என்று அஞ்சுகின்றார்கள்.

இன்னொரு தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும். 2014இல் வந்த 'ஏலியன்: ஐசொலேசன்' என்ற கொம்பியூட்டர் விளையாட்டில் நாயகி ரிப்ளியின் மகள் அமண்டா. தாய் காணாமற் போய் 15 வருடங்களின் பின், தாயின் கப்பலைப் பற்றிய பதிவுக் கருவி கிடைத்திருக்கின்றது என்று கேள்விப்பட்டு அவள் புறப்படுகின்றாள். தாய் விட்டுச் சென்ற குரல் மாத்திரமே அவளுக்குக் கிடைக்கின்றது. அந்த விளையாட்டுக்கும் அடுத்த பாகம் தயாராகத் தொடங்கியுள்ளதாக 2024 ஒக்ரோபரில் அறிவித்தார்கள். தாய் 57 வருடங்களின் பின்னர்தான் திரும்புவாள், மகள் அதற்கு முன்பே இறந்திருப்பாள் என்பது விளையாடுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அமண்டாவின் தேடல் தொடர வேண்டும் என்று விரும்புகின்றார்கள். தேடுபவளின் வாழ்க்கையைத் தேடலின் முடிவை வைத்து மட்டும் அளக்கக்கூடாது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கின்றது. எங்கள் ஊரில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மாரைப் பார்த்து "இன்னுமா?" என்று கேட்பவர்களுக்கும் இது விளங்கினால் நல்லது.

நான் எதிர்பார்ப்பது

சமூகப் பணியில் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், தப்பிப் பிழைத்தவர் என்ற சொல்லையும் நாங்கள் பாவிக்கின்றோம். முதற் சொல் அவளுக்கு நடந்ததைச் சொல்கின்றது. மற்றச் சொல் அவள் செய்ததையும் சேர்த்துச் சொல்கின்றது. வரப்போகும் படத்தில் எனது எதிர்பார்ப்பு அந்தச் சொல்லில் அடங்கும். ரெயினுக்கு மறுபடியும் ஆபத்து வரலாம், திகில் படம் என்றால் அது வரத்தான் வேண்டும். ஆனால் அவள் பிழைத்த காலத்தில் என்ன செய்தாள், யாரோடு வாழ்ந்தாள், இரவில் நித்திரை வந்ததா என்பதற்கும் கதையில் இடம் வேண்டும். அவள் இறக்கத்தான் வேண்டும் என்றால், அந்த மரணம் பார்வையாளர் கண்முன்னே, அழுவதற்கு நேரம் கொடுத்து நடக்கட்டும்.

ஒரு சின்னச் செய்தி உங்களுக்கு ஆறுதல் தரும். நியூட்டாக நடித்த கரி ஹென் அதற்கு முன் நடித்ததே இல்லை. பிறகும் நடிகையாகத் தொடரவில்லை. படித்து ஆசிரியையானார். 2016இல் படத்தின் 30 வருட நிறைவுக்காக அமெரிக்காவின் சான் டியாகோவில் கமரூனும் வீவரும் மற்ற நடிகர்களும் கூடியபோது அவரும் மேடையில் இருந்தார். கதையில் கைவிடப்பட்ட பிள்ளை வளர்ந்து நிற்பதைப் பார்த்து ரசிகர்கள் எழுப்பிய ஆரவாரத்தின் காரணம் எனக்கு விளங்குகின்றது.

கடைசியாகச் சில வார்த்தைகள். இந்தப் படங்களைக் கட்டாயம் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. திடீர்ச் சத்தம், மூடிய அறை, இருட்டு, பிரசவத்தைப் போன்ற கொடூரக் காட்சிகள் இவற்றில் நிறைய உண்டு. எறிகணைச் சத்தம் இன்னும் காதில் நிற்பவர்களுக்கு இவை பழைய நினைவுகளைக் கிளறலாம். பார்க்க விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பார்ப்பதென்றால் பகலில், துணையோடு, சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். நெஞ்சு படபடத்தால் உடனே நிற்பாட்டி வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். நித்திரையின்மை நாட்கணக்கில் தொடர்ந்தால் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இவை ஏற்ற படங்கள் அல்ல. வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால், ஏசுவதற்கு முன் பக்கத்தில் இருந்து, "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் குழுக்கூட்டங்களில் இரண்டு கேள்விகளைப் பேசுங்கள். உங்கள் கதையை ஒருவர் படமாக எடுப்பதென்றால், எந்த இடத்தில் தொடங்கச் சொல்வீர்கள்? இரண்டாம் பாகத்தில் எதைக் கட்டாயம் காட்டச் சொல்வீர்கள்? பேசியதை எழுதி அனுப்புங்கள். கிணற்றடி மல்லிகை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, சீட்டுக் காசில் வாங்கிய தையல் மெசின் என்று எதுவானாலும் எழுதலாம். அடுத்த இதழ்களில் அவற்றுக்கு இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்குவோம்.